சீர்ப் பாத்திரத்தில் தண்ணீர்

வரைபடத்தில் ஓர் இடம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான் வரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, புத்தி மட்டும் ஓய்வு பெறவில்லை. போன மாதம் என் பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் நித்யா என்ற பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்ததும் கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். சென்னையும் சுற்றுப்புறமும் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தெரிந்தன. சின்ன வயதிலேயே புற்றுநோயில் இறந்துபோகிறவர்கள் எந்தப் பகுதியில் அதிகம், எங்கே குறைவு என்று துண்டுக்குத் துண்டு நிறம் கொடுத்திருந்தார்கள். விரல் பட்டால் துண்டு பெரிதாகிறது, இன்னொரு தடவை பட்டால் நிறம் மாறுகிறது.

"இதெல்லாம் உங்க காலத்துல கையாலயே போட்டீங்களாமே மேடம்? எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டாள். ஆவடிக்கு அந்தப் பக்கம், தண்டவாளத்துக்குத் தெற்கே ஒரு காலனியைத் தேடிக்கொண்டிருந்தேன். அது அக்கம்பக்கத்து நிறத்தோடு நிறமாகக் கலந்து கிடந்தது. நிம்மதியாக இருந்தது. "எழுதுங்க மேடம், எங்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்றதில்ல" என்றாள். எழுதுகிறேன். ஆனால் ஞாபகம் வரிசையாக வராது. மதிய நேரத்து மின்சார ரயிலில் தூங்கியும் தூங்காமலும் போகிறவளுக்கு ஸ்டேஷன்கள் வருகிற மாதிரி விட்டுவிட்டுத்தான் வரும்.

எண்பதுகளில் சமூகவியல் படித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு, நகரத்தில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த புற்றுநோய்ப் பதிவு அலுவலகத்தில் கள விசாரணையாளர் வேலை கிடைத்தது. எந்த ஊரில் யாருக்கு இந்த நோய் வருகிறது, யார் இறக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் விசாரிக்க வேண்டும். முதல் வருஷங்களில் கற்றுக்கொண்டதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். வாசலில் நின்று நோயின் பெயரைச் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொண்டேன். பெண்களின் வயதை நேராகக் கேட்காமல் கல்யாணமான வருஷத்தையும் மூத்த பிள்ளையின் வகுப்பையும் வைத்துக் கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் வாங்கிக் குடித்துவிட வேண்டும். இந்த நோய் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஜனங்கள் நம்பிய காலம் அது. பக்கத்து வீட்டுக்காரர்களே அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வெளியாள் ஒருத்தி கடகடவென்று தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தால், அங்கே இருப்பவர்களின் தோள் கொஞ்சம் இறங்கும். அதற்கப்புறம்தான் பேச்சு வரும். எத்தனை வீட்டுத் தண்ணீரைக் குடித்திருப்பேனோ தெரியாது. உப்புத் தண்ணீர், குளோரின் வாடைத் தண்ணீர், பானைத் தண்ணீர் எல்லாம் உள்ளே போயிருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் பகுதி மேற்கு. பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி, வேப்பம்பட்டு வரை தண்டவாளத்தின் இரண்டு பக்கமும், இந்தப் பக்கம் பூந்தமல்லியும். காலையில் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவில் உட்கார்ந்து, சந்தேகப்படும்படியான இறப்புகளை எடுத்து எழுதிக்கொள்வேன். ஆஸ்பத்திரிக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். வெயில் ஏறிய பிறகு வீடுகளுக்குப் போவேன். மதியம் திரும்பும் ரயிலில் கூட்டமே இருக்காது. காற்றில் அம்பத்தூர் எஸ்டேட் ஃபாக்டரிகளின் எண்ணெய் வாசனை வரும். ஏரிப் பக்கம் வெயில் தண்ணீராகவும் தண்ணீர் வெயிலாகவும் தெரியும். கண்ணை மூடினால் அன்றைக்குக் கேட்ட பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து எதிர் சீட்டில் உட்காரும். எல்லாம் சின்ன வயதுப் பெயர்கள். பயமாக இருக்காது. கூடவே வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறவர்கள் மாதிரி இருப்பார்கள், நான் இறங்கும்போது அவர்கள் இறங்க மாட்டார்கள்.

நான் கொண்டுபோய்க் கொடுக்கும் இறப்புகளை விகிதமாக்கிப் படம் போடுகிறவர் கனகசபை சார். எங்கள் புள்ளியியல் அதிகாரி. சட்டைப் பையில் பேனா இருக்காது, கலர் பென்சில்கள் இருக்கும். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். பெருக்க வரும் அம்மாவிடம்கூட, "முதல்ல உட்காருங்க, அப்புறம் பெருக்கலாம்" என்பார். ஆனால் "ஐயோ பாவம்" என்றோ "பயங்கரம்" என்றோ யாராவது சொல்லிவிட்டால் போச்சு. பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். அன்றைக்கு முழுக்கப் பேச்சு கிடையாது. ஒரு பொட்டலம் வேர்க்கடலையை எடுத்து உரித்துக்கொண்டே இருப்பார். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். ஒன்றைக்கூட வாயில் போட மாட்டார். கத்துகிற மேலதிகாரியைச் சமாளித்துவிடலாம், கடலை உரிக்கிறவரை என்ன செய்வது? மறுநாள் காலையில் உரித்த பருப்பு என் மேஜையில் இருந்தால் கோபம் தணிந்தது என்று அர்த்தம்.

அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்பதே ஒரு சுகம். ஒரு பகுதியில் இளவயதில் இறந்தவர்களை மேலே எழுதுவார். அதே பகுதியில் அதே வயதில் உயிரோடு இருப்பவர்களைக் கீழே எழுதுவார். வகுப்பார். "மேலே இருக்கறவங்களைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. கீழே இருக்கறவங்களை மறந்தா இது கணக்கு இல்ல, கதை" என்பார். சின்ன இடத்தில் ஓர் இறப்பு கூடினாலே நிறம் மாறிவிடும் என்பதால் பல வருஷங்களைச் சேர்த்துத்தான் பார்ப்பார். வயதானவர்களின் சாவு எல்லா ஊரிலும் உண்டு, சின்ன வயதுக்காரர்கள் போவதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் தெரியும் என்பது அவர் கட்சி. விகிதம் வந்ததும் டிரேசிங் தாளை விரித்து, பென்சில் முனையைப் பிளேடால் சீவிக்கொண்டு, ஒவ்வொரு பகுதியாக நிரப்புவார். குறைவு என்றால் இளமஞ்சள், அதிகம் என்றால் அரக்கு. ஒன்றுமே இல்லாத இடம் வெள்ளை. கோட்டுக்கு வெளியே ஒரு கீற்று போனாலும் முழுத் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பார். ஆனால் இத்தனை செய்கிறவர் ஒரு நோயாளியின் வீட்டுக்குள்ளும் போனதில்லை. "அது உங்க வேலை கலாவதி, எனக்குப் படம் போதும்" என்பார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேற்குப் பகுதிப் படம் முடிந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தார்கள். நான் சொன்ன அந்தக் காலனி அரக்கு நிறத்தில் கட்டிக்கொண்டு நின்றது. பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரு தரம் பெயர் வெளியே போய் அது பட்டது போதும். எஸ்டேட்டிலும் பாடிப் பக்கத்து ஃபாக்டரிகளிலும் வேலை பார்க்கிறவர்கள், கத்தோலிக்கக் குடும்பங்கள், ஒரு சின்ன மாதா கோயில், வாசலுக்கு வாசல் முருங்கை மரம். அங்கே இளம் பெண்கள்தான் அதிகமாக இறந்திருந்தார்கள். அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பு. அது தும்பைப் பூவாக வெள்ளை.

அலுவலகத்தில் ஒரே பரபரப்பு. தண்ணீர்தான் காரணம் என்றார் ஒருவர், எஸ்டேட் கழிவு என்றார் இன்னொருவர். கனகசபை சார் மட்டும் வெள்ளையைப் பார்த்து முகம் சுளித்தார். "அரக்கு இருக்கலாம். இவ்வளவு வெள்ளை எப்படி இருக்கும்?" என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. ஜீப் போயிற்று. கிணற்றிலும் அடிபம்பிலும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்தார்கள். தண்ணீர் உப்பு என்பதைத் தவிர சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஜீப்பின் நெற்றியில் ஆஸ்பத்திரி பெயரைப் படித்தவர்களுக்குச் சோதனை முடிவா வேண்டும்? கொஞ்ச நாளில் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர், "அதாம்மா, கேன்சர் காலனி ஸ்டாப்பு, அதுக்கு அடுத்தது" என்று எனக்கே வழி சொன்னார்.

முதலில் வெள்ளையைப் பார்த்துவிட்டு வரும்படி சார் என்னைக் குடியிருப்புக்கு அனுப்பினார். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த குடும்பங்கள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு வந்து பாதியில் நின்றுபோன ஒருவரைத் தேடிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ராமநாதபுரத்துக்காரி, முறத்தோடு வெளியே வந்தாள்.

"அவுக ஊருக்குப் போயிட்டாகம்மா."

"எப்ப வருவாங்க?"

"எங்கிட்டு வர? முடியாதுன்னு டாக்டர் கைய விரிச்சதும் கெளம்பிட்டாக. ஆத்தா மடியில போய்ப் படுத்துக்கிர்றேன்னாராம். போன மாசம் தந்தி வந்துச்சு" என்றாள். பிறகு, இது என்ன புதுசா என்பதுபோல, "இங்கன யாரும் சாக மாட்டாகம்மா. சாகப் போறவுக ஊருக்குப் போயிருவாக" என்றாள்.

திரும்பும் ரயிலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சாவு சிவகங்கைப் பக்கம் எங்கேயோ ஒரு கிராமத்தில் பதிவாகியிருக்கும். எங்கள் படத்தில் குடியிருப்பு வெள்ளையாகவே இருக்கும். சரி, இங்கேயிருந்து போகிறவர்கள் எங்கேயோ போய்ச் சேருகிறார்கள். அப்படியானால் வேறு எங்கிருந்தோ கிளம்புகிறவர்கள் இங்கேயும் வந்து சேர்வார்கள் அல்லவா? யார் வருவார்கள்? யாருக்கு இந்தக் காலனியில் ஆத்தா மடி இருக்கிறது? எதிர் சீட்டுப் பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் காலனியில் அந்தோணியம்மாள் வீட்டுக்குப் போனேன். கணவர் எஸ்டேட்டில் டர்னர். மூத்த மகள் ஸ்டெல்லா மார்புப் புற்றில் இறந்திருந்தாள். இளையவள் ஃபிலோமினாவுக்குப் பூந்தமல்லியில் மாப்பிள்ளை பார்த்து, கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி அறிவிப்பார்கள், யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இரண்டாவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

அந்தோணியம்மாள் என்னைப் பார்த்ததும் வெடித்தார். "உங்க ஜீப்பு வந்த நாள்லேர்ந்து எங்களுக்கு நாறிப் போச்சு. கேன்சர் காலனிப் பொண்ணு வாணாம்ன்றாங்கோ. இன்னா எழுதினீங்க எங்கள பத்தி? இன்னும் இன்னா எழுத வந்துகீற?"

திட்டி முடித்த பிறகு அவருக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. "வெயில்ல வந்துகீற. குந்து" என்றார். ஃபிலோமினா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். குடிக்கும்போது டம்ளரின் விளிம்புக்குக் கீழே விரல் தடுக்கியது. பெயர் வெட்டியிருந்தது. ஸ்டெல்லா.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் இது புது எவர்சில்வர், கனமான டம்ளர். பெண்ணுக்குக் கல்யாணத்தில் சீர் கொடுக்கும்போது அவள் பெயர் வெட்டிக் கொடுப்பது. அடுப்படிப் பரணில் அதே பெயரோடு தவலை, அண்டா, தூக்குவாளி எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. சீர்ப் பாத்திரம் புகுந்த வீட்டில் அல்லவா இருக்க வேண்டும்? அது ஏன் இங்கே இருக்கிறது? அப்போதுதான் இந்தக் காலனியில் நான் தண்ணீர் குடித்த மற்ற வீடுகள் ஞாபகத்துக்கு வந்தன. ரீட்டா என்ற டம்ளர். லூர்து என்ற டம்ளர். ஒரு சொம்பில் எலிசபெத். எல்லாம் அந்தந்த வீட்டில் செத்துப்போன பெண்ணின் பெயர். அத்தனை நாளும் அந்தப் பெண்களின் சீரில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஸ்டெல்லா இந்த வீட்ல எத்தனை வருஷமா இருந்தாங்க?" என்று கேட்டேன். எங்கள் படிவத்தில் இருந்த கேள்வி அதுதான்.

"பொறந்ததுலேர்ந்து இங்கதான். இங்கதான் இருந்தா" என்றார், கண்ணைப் பார்க்காமல். எல்லா அம்மாக்களும் எனக்குச் சொன்ன பதில் அதுதான். கதவருகே நின்ற ஃபிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள்.

புரிந்துவிட்டது. கட்டிக் கொடுத்த பெண்கள். நோய் முற்றியதும் புகுந்த வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பாத்திரத்தோடு விட்டார்கள் என்றால் இனி திரும்ப வேண்டாம் என்று அர்த்தம். அப்படி வந்தவள் என்று வெளியே தெரிந்தால் மகளுக்கும் மானக்கேடு, அடுத்தவளின் கல்யாணத்துக்கும் தடை. அதனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில், பிறந்ததிலிருந்து இங்கேதான். எங்கெங்கோ வாழ்ந்து நோய்ப்பட்டவர்களையெல்லாம் நாங்கள் இந்த ஒரு காலனியின் தலையில் எழுதி வைத்திருந்தோம். எங்கள் படத்தில் அரக்கு நிறம் காட்டியது நோய் இருக்கும் இடத்தை அல்ல, அம்மாக்கள் இருக்கும் இடத்தை.

மறுநாள் காலையில் சாரிடம் சொன்னேன். நான் டம்ளர் என்று ஆரம்பித்ததும் அவர் பென்சிலைக் கீழே வைத்தார். கடலைக்குக் கை போகவில்லை. நல்லவேளை. "டம்ளரை எந்தக் கட்டத்துல எழுதறது கலாவதி? வீட்டுக்காரங்க வாயால சொல்லாம ஓர் இறப்பை ஓர் ஊர்லேர்ந்து இன்னோர் ஊருக்கு நான் தூக்கிட்டுப் போக முடியாது. அவங்க சொல்லணும்" என்றார்.

"சொன்னா அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னுடும் சார். சொல்லலேன்னாலும் நின்னுடும்."

சார் எழுந்து ஜன்னல் ஓரம் போய் நின்றார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "நான் வரேன்."

அவர் அந்த வீட்டுக்குள் நுழைந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். செருப்பை வாசலில் விட்டவர், யாராவது தூக்கிப்போய்விடுவார்கள் என்பதுபோல நாலு தடவை திரும்பிப் பார்த்தார். உட்காரச் சொன்ன நாற்காலியின் விளிம்பில் தொற்றிக்கொண்டார். ஃபிலோமினா தண்ணீர் கொடுத்தாள். அதே டம்ளர். சார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். டம்ளரைத் திருப்பி, பெயரை எழுத்துக் கூட்டுவதுபோல் படித்தார். பிறகு ஒரே மூச்சில் குடித்தார்.

"அம்மா, நான் படம் போடறவன்" என்றார். டம்ளரை மடியிலேயே வைத்துக்கொண்டார். பிறகு, படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். "நோய்னு தெரியறப்ப உங்க பொண்ணு எந்த வீட்ல சமைச்சிட்டிருந்தாங்க?"

எங்கே இருந்தாள் என்று கேட்டிருந்தால் பழைய பதில்தான் வந்திருக்கும். இதற்கு அவரிடம் தயாராகப் பதில் இல்லை.

"பாடியில" என்றது அந்த அம்மாவின் வாய். சொன்ன பிறகுதான் தான் சொல்லிவிட்டது அவருக்குத் தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டார். "பாடியில சார். அவ மாமியா ஊட்ல. அவ்ளோ பேருக்கும் அவதான் ஆக்கிப் போடுவா. மார்ல கட்டின்னு வந்ததும் கூட்டியாந்து விட்டுட்டாங்கோ. ஏனத்தயெல்லாம் மறாநாளு வண்டில அனுப்ச்சாங்கோ. அவ கடேசி வரைக்கும் என்ன கேட்டுக்கினே இருந்தா சார், எப்பம்மா என்ன கூட்டினு போவாங்கோன்னு. தோ வருவாங்கடி, தோ வருவாங்கடின்னேன். யாரு வந்தா?"

மகளைப் பறிகொடுத்த அந்தோணியம்மாள் அதுவரை அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதார். நானும் அழுதேன். சார் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயோ பாவம்" என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் கோபித்திருக்க மாட்டார்.

நாங்கள் கிளம்பும்போது அந்தோணியம்மாள் என் கையைப் பிடித்தார். "ஒருத்திய மட்டும் எழுதினா இன்னா ஆவும்? ஞாயித்துக்கெழம பூச முடியறப்ப கோயிலாண்ட வா. அந்தப் பேப்பரெல்லாம் எடுத்துகினு வா" என்றார். முகம் கழுவினதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பூசை முடிந்து ஜனங்கள் கோயில் வாசல் புங்கமரத்தடிக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் பெற்றோரும் பூந்தமல்லியிலிருந்து வந்திருந்தார்கள். பங்குச் சாமியாரைப் பார்த்து, ஓலையை அடியோடு நிறுத்தச் சொல்லத்தான் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சவரியம்மாளுக்குப் பருமனான, கண்டிப்பான முகம். அவர் சாமியாரிடம் பேச வாயெடுப்பதற்குள் அந்தோணியம்மாள் நடுவில் போய் நின்றார். ஃபிலோமினா பின்னால் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என் மூத்த பொண்ணு இங்க நோவு வாங்கல" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "பாடியில வாழ்ந்தா, பாடியில நோவு வந்துது. அவங்கோ ஏனத்தோட கொண்டாந்து உட்டுட்டாங்கோ. நான் வெளிய சொல்லல. எம்பொண்ணு வாழாம வந்தவன்னு யாரும் சொல்லக்கூடாதுன்னு இங்கதான் இருந்தான்னு பொய் சொன்னேன். இந்தக் காலனில ஒண்ணும் இல்ல. எங்க பொண்ணுங்க சாவறத்துக்கு எங்ககிட்ட வந்துதுங்க, அவ்ளோதான்."

நான் படிவங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல், "எங்க ரீட்டா கொரட்டூரு" என்றது. இன்னொரு அம்மா, "லூர்து அரக்கோணத்துல கட்டிக்குடுத்தவ" என்றார். "எலிசபெத்து திருவொத்தியூரு, எழுதிக்கோ." நான் கோயில் படியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொருத்தராக வந்து குனிந்து ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். வெயில் புங்கமரத்து வழியாகத் தாளில் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. ரயிலில் என் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருத்தராக எழுந்து அவரவர் ஸ்டேஷனில் இறங்குவதுபோல் இருந்தது எனக்கு.

சவரியம்மாளின் கணவர் மெல்ல, "போலாமா?" என்று கேட்டார். சவரியம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "எங்க போறது? உந்தங்கச்சியும் இப்டித்தான நம்ம ஊட்டுக்கு வந்துது? நாந்தான கஞ்சி ஊத்துனேன்? அப்ப நம்ம தெருவ யாராவது கேன்சர் தெருன்னாங்களா?" என்றார். பிறகு அந்தோணியம்மாளிடம் போய், கொஞ்சம் விறைப்பாகவே, "அடுத்த ஓலைய வாசிக்கச் சொல்லு சம்பந்தி" என்றார்.

எங்கள் படம் திருத்தப்பட்டது. சார் எல்லா இறப்பையும் உரிய ஊருக்கு அனுப்பினார். காலனியின் அரக்கு கரைந்து அக்கம்பக்கத்து நிறத்துக்கு வந்தது. பாடிக்கும் கொரட்டூருக்கும் ஒரு சாயல் கூடியது. தொழிற்சாலைக் குடியிருப்பை அவர் வெள்ளையாக விடவில்லை. சாதாரணப் பென்சிலால் சாய்வாகக் கோடு போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார், "ஊருக்குப் போய்விட்டார்கள்." படிவத்தில் பழைய கேள்வியை அடித்துவிட்டு, சமைத்த வீடு எது என்ற கேள்வியைச் சேர்த்தார். ஆண்களுக்கு என்ன கேட்பது என்று நான் மடக்கினேன். "எந்த வீட்ல சாப்ட்டாங்கன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, என்னோடு வேலை பார்த்த காலத்தில் முதல் தடவையாக, உரித்த கடலையைத் தானே வாயில் போட்டுக்கொண்டார்.

ஃபிலோமினா கல்யாணத்துக்கு நானும் சாரும் போனோம். முதல் நாள் அந்த வீட்டில் ஒரு சண்டை நடந்ததாம். அம்மா புதுப் பாத்திரம் வாங்கிப் பெயர் வெட்டக் கொடுக்கப் போக, ஃபிலோமினா பிடிவாதமாக மறுத்திருக்கிறாள். "அக்கா ஏனமே போதும். அவதான் போவணும் போவணும்னு கேட்டுக்கினு இருந்தா" என்றாளாம். ராசியில்லாதவள் பாத்திரம் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சீர் பார்க்க வந்திருந்த சவரியம்மாள் பரணைப் பார்த்து, "நல்ல கனம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தானே இறக்கி வண்டியில் ஏற்றச் சொன்னாராம்.

பல வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் கடைசியில், வேறொரு விசாரணைக்காகப் பூந்தமல்லிக்குப் போனவள் அந்த வீட்டுக்கும் போனேன். சவரியம்மாளுக்குத் தலை நரைத்திருந்தது. பேரப்பிள்ளைகள் கூடத்தில் உருண்டுகொண்டிருந்தார்கள். என்னை அடையாளம் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். அக்காவின் பெயர் வெட்டிய டம்ளருக்கு அந்த வீட்டில் அந்தப் பெயரே ஆகியிருந்தது.

"மேடம் வந்துகீறாங்கோ, தண்ணி எடுத்துகினு வா ஃபிலோ. ஸ்டெல்லாவ எங்க வெச்ச?"

"இங்கதான் கீது அத்தே" என்றாள் ஃபிலோமினா உள்ளேயிருந்து.